லிட்டில் பிக்ஹார்ன், 1876: கஸ்டர் ஏன் தோற்றார் என்று கேட்டால் போதுமா?

புல்வெளிக்காரன்

லிட்டில் பிக்ஹார்ன் சண்டையைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது ஒரே இடத்தில் போய் நிற்கிறது. கஸ்டர் முட்டாளா வீரனா, அவருக்குக் கீழிருந்த அதிகாரிகளில் ரீனோ பயந்து ஓடினாரா, பென்டீன் வேண்டுமென்றே தாமதித்தாரா. இத்தனை காலமாக இந்த மூன்று பேரின் வழக்குத்தான் நடக்கிறது. தோற்ற தரப்பின் அதிகாரிகள் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டதையே வரலாறு என்று படிக்கிறோம். ஜெயித்தவர்கள் அங்கே ஏன் இருந்தார்கள், எப்படி ஜெயித்தார்கள், அப்புறம் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876 ஜூன் 25, இன்றைய மொன்டானா மாநிலம். லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டர் அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படையோடு, அதாவது ஏறக்குறைய 600 பேரோடு, லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் இருந்த லகோட்டா, ஷையான் என்ற பூர்வகுடி மக்களின் பெரிய முகாமைத் தாக்கினார். அவரோடு கடைசிவரை நின்ற ஐந்து கம்பெனிகளின் (படைப்பிரிவுகளின்) சுமார் 210 பேரும் செத்தார்கள். ரீனோவும் பென்டீனும் சில மைல் தள்ளி ஒரு மேட்டில் மறுநாள் மாலைவரை முற்றுகையில் கிடந்தார்கள். ராணுவத்துக்கு மொத்தம் 260க்கு மேல் சாவு.

இது திடீரென்று முளைத்த சண்டை இல்லை. 1868 ஃபோர்ட் லாரமி ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட மிசௌரி ஆற்றுக்கு மேற்கே ஒரு பெரும் நிலப்பரப்பு லகோட்டாக்களுடையது என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்திருந்தது. அதற்கும் மேற்கே பௌடர் ஆற்றுப் பக்கம் வேட்டையாடும் உரிமையும் உண்டு. 1874இல் இதே கஸ்டர் ஆயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு பிளாக் ஹில்ஸுக்குள் போய், தங்கம் இருக்கிறது என்று சேதி அனுப்பினார். தங்கம் தேடி ஆயிரக்கணக்கில் ஆட்கள் புகுந்தார்கள். அரசு 60 லட்சம் டாலருக்கு விலை பேசிப் பார்த்தது, படியவில்லை. 1875 டிசம்பரில் ஓர் உத்தரவு வந்தது: வேட்டை நிலத்தில் திரிகிறவர்கள் எல்லாரும் 1876 ஜனவரி 31க்குள் ஏஜென்சிகளுக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலத்தில் இருந்த அரசு நிலையங்களுக்கு, வந்து சேர வேண்டும், வராதவர்கள் பகைவர்கள். மொன்டானாவின் நடுக்குளிர்காலத்தில் குழந்தை குட்டிகளோடு யார் வர முடியும்? பிப்ரவரி 1ஆம் தேதியே விஷயம் போர்த்துறையின் கைக்குப் போய்விட்டது.

என் கருத்து இது. கஸ்டரின் திட்டம் பைத்தியக்காரத்தனம் இல்லை, அந்த ராணுவம் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். இந்த முறை எதிரில் இருந்தவர்கள் அதை முறியடித்தார்கள். தோல்விக்கு முதல் காரணமாக அவர்களைச் சொல்லாமல் கஸ்டரின் குணத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பது, ஜெயித்தவர்களுக்கு ஜெயித்த பெயரைக்கூடக் கொடுக்காத வேலை.

கோட்டைச்சாமி

பட்டாளத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அரசியல் நீங்கள் சொல்வதுபோலவே இருக்கட்டும். ஆனால் களத்தில் தவறு தவறுதான்.

ஒன்று, எதிரி எத்தனை பேர் என்று தெரியாமல் படையை நாலாகப் பிரித்தார். ரீனோவுக்கு மூன்று கம்பெனி, பென்டீனுக்கு மூன்று, தனக்கு ஐந்து, சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகளுக்குக் காவலாக ஒன்று. ஒருவர் இன்னொருவருக்கு உதவ முடியாத தூரத்தில் நிறுத்தினார். அப்புறம், மேலதிகாரி ஜெனரல் டெர்ரி தருகிறேன் என்ற இரண்டாவது குதிரைப்படையின் நாலு கம்பெனிகளை வேண்டாம் என்றார். கேட்லிங் பீரங்கிகளையும் வேண்டாம் என்றார். இரவெல்லாம் நடந்த குதிரைகளையும் தூங்காத ஆட்களையும் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் தாக்கினார்.

இவ்வளவும் செய்தவரைக் காப்பாற்ற எதிரியின் வீரத்தைக் காரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எதிரி வீரமாகச் சண்டை போடுவான் என்று எதிர்பார்ப்பதுதான் தளபதியின் வேலை.

மலர்விழி

கோட்டைச்சாமி அண்ணா, அன்று காலை அவருக்கு என்ன தெரியும் என்று பார்த்துத்தான் இதைப் பேச வேண்டும், நமக்கு இன்று தெரிந்ததை வைத்து அல்ல. அந்தக் கோடையில் ராணுவத்தில் யாருக்கும் தோற்போம் என்ற பயமே கிடையாது, எல்லாருக்கும் ஒரே பயம், முகாம் கலைந்து நாலாபக்கமும் ஓடிவிடும், பிடிக்க முடியாது என்பதுதான். எதிர்பார்த்த எண்ணிக்கையும் சில நூறு வீரர்கள்தான், ஏனென்றால் ஏஜென்சி அதிகாரிகள் கொடுத்த கணக்கு அப்படி, கோடையில் ஏஜென்சிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறி சிட்டிங் புல் என்ற லகோட்டா தலைவர் பக்கம் போய்ச் சேர்ந்தது அந்தக் கணக்கில் வரவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ரோஸ்பட் சண்டை. ஜூன் 17ஆம் தேதி தெற்கிலிருந்து வந்த ஜெனரல் க்ரூக்கின் படை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், இதே லகோட்டா, ஷையான் வீரர்களிடம் நாள் முழுக்கச் சண்டை போட்டுவிட்டுப் பின்வாங்கிப்போனது. எட்டு நாள் கழித்துத் தாக்கப்போகும் கஸ்டருக்கு அந்தச் சேதி வந்து சேரவே இல்லை. மூன்று பக்கமிருந்து நெருக்கும் திட்டத்தில் ஒரு பக்கம் ஏற்கெனவே உடைந்திருந்தது.

கேட்லிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரைப்படைக்கு உதவாது என்று கழித்துக் கட்டிய குதிரைகள்தான் அவற்றை இழுத்தன. அந்த மேடு பள்ளத்தில் அவற்றோடு போயிருந்தால் 25ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தே இருக்க மாட்டார். அடுத்த நாள் தாக்குவதாகத்தான் முதலில் எண்ணமும். தங்களை யாரோ பார்த்துவிட்டார்கள் என்று சாரணர்கள் சொன்ன பிறகுதான் அன்றே கிளம்பினார்.

கோட்டைச்சாமி

அதே சாரணர்கள்தான் முகாம் மிகப் பெரியது என்றும் சொன்னார்கள். விடியற்காலையில் க்ரோஸ் நெஸ்ட் என்ற மேட்டிலிருந்து பதினைந்து மைலுக்கு அப்பால் குதிரைக் கூட்டத்தைப் பார்த்தது அவர்கள் கண். கஸ்டருக்கு அது தெரியவில்லை. தெரிந்தவன் சொன்னதைக் கேட்கவில்லை என்பதும் தவறுதானே? தகவல் வந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம், வந்த தகவலை என்ன செய்தார் என்பதுதான் எனக்குக் கேள்வி.

புல்வெளிக்காரன்

இரண்டு பேரும் கடைசியில் கஸ்டரிடமே வந்து நிற்கிறீர்கள் பாருங்கள்.

அந்த ராணுவம் வழக்கமாகச் செய்கிற காரியம் என்று நான் சொன்னதை விளக்குகிறேன். 1868 நவம்பர் 27, இன்றைய ஓக்லஹோமாவில் வாஷிட்டா ஆற்றங்கரை. பிளாக் கெட்டில் என்ற ஷையான் தலைவரின் முகாம். சமாதானம் வேண்டும் என்று அலைந்த மனிதர் அவர், நாலு வருஷம் முன்னால் சாண்ட் க்ரீக் படுகொலையில் தப்பியவர். விடிகாலையில் கஸ்டர் படையை நாலாகப் பிரித்துச் சுற்றி வளைத்துத் தாக்கினார். பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் ஆற்றைக் கடக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான குதிரைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். பெண்களும் குழந்தைகளுமாக 53 பேரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். அதை ராணுவம் பெரிய வெற்றி என்று கொண்டாடியது.

படையைப் பிரிப்பது, தூங்கும் முகாமைத் தாக்குவது, குடும்பங்களைப் பிடித்துவிட்டால் வீரர்கள் தானாக அடங்குவார்கள் என்று கணக்குப் போடுவது. லிட்டில் பிக்ஹார்னிலும் இதே கணக்குத்தான். ஷையான் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது என்னவென்றால், கஸ்டர் முகாமின் வடக்கு முனையையும் தாண்டிப் போய் ஆற்றைக் கடக்க இடம் தேடினார். பெண்களும் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்த பக்கம் அதுதான். 1868இல் பலித்த முறை 1876இல் பலிக்கவில்லை. அதனால்தான் அது நமக்குத் தவறாகத் தெரிகிறது. பலித்திருந்தால் அதற்கும் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியிருப்பார்கள்.

ரீனோ தெற்கு முனையில் நடத்திய முதல் தாக்குதலில் கால் என்னும் ஹங்க்பாப்பா (லகோட்டாக்களில் ஒரு பிரிவு) தலைவரின் மனைவிகளும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எப்படிச் சண்டை போட்டிருப்பார் என்று யோசியுங்கள். வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டவர்கள் அவர்கள்.

மண்மேடு

நல்ல இழை. அகழாய்வுப் பக்கத்தை யாரும் தொடவில்லையே, அதைக் கொஞ்சம் எழுதுகிறேன், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1983 ஆகஸ்டில் போர்க்களத்தில் புல் தீப்பிடித்து எரிந்தது. நூறு வருஷமாக மூடியிருந்த தரை திடீரென்று திறந்து கிடந்தது. 1984லும் 85லும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் இருவரும் தன்னார்வலர்களை வரிசையாக நிறுத்தி மெட்டல் டிடெக்டரால் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். கிடைத்த ஒவ்வொரு வெற்றுத் தோட்டாவின் இடத்தையும் அளந்து குறித்தார்கள். அப்புறம் போலீஸ் தடயவியலில் செய்வதுபோல, தோட்டாவின் அடியில் துப்பாக்கியின் ஊசி பதித்த தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். ஒரே துப்பாக்கி இங்கே சுட்டு, பிறகு அங்கே போய்ச் சுட்டது என்று நடமாட்டத்தையே வரைந்துவிட முடிந்தது.

மூன்று விஷயம் வெளியே வந்தது. லகோட்டா, ஷையான் வீரர்கள் கையில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஹென்றி, வின்செஸ்டர் போல விடாமல் சுடக்கூடியவையும் அதில் உண்டு. பாதிக்குப் பாதி வில்தான் என்றாலும், அந்தப் புல்மேட்டில் மறைந்திருந்து மேல்நோக்கி வளைத்து எய்யும் அம்புக்குத் தன் இடத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. சிப்பாய்களிடம் இருந்தது ஒரு முறைக்கு ஒரு தோட்டா போடும் ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன். சூட்டில் தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டதால்தான் தோற்றார்கள் என்று ஒரு பழைய வாதம் உண்டு. அப்படிச் சிக்கியதற்கான கீறல் உள்ள தோட்டாக்கள் மிகக் குறைவாகவே கிடைத்தன. அந்த வாதம் அதோடு அடங்கியது.

மூன்றாவதுதான் பெரிது. கடைசி மனிதன்வரை வட்டமாக நின்று போராடிய வீரக்காட்சி என்று நாம் பார்க்கும் படத்துக்குத் தரையில் சாட்சி பலமாக இல்லை. தெற்கே கால்ஹூன் மேட்டில் ஒழுங்கான வரிசையில் நின்று சுட்ட தடம் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே வரவரச் சுட்ட தடமே குறைகிறது. ஃபாக்ஸ் சொல்வது, படை ஒழுங்கு குலைந்து, ஆட்கள் பயத்தில் ஒன்றாகக் குவிந்து, சீக்கிரமே முடிந்துபோனது என்று. பசித்தவன் சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று லகோட்டா தரப்பில் சொன்னது உண்டு. நூறு வருஷம் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

மலர்விழி

மண்மேடு, ஃபாக்ஸின் முடிவை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 1876க்கும் 1983க்கும் நடுவே வந்தவர்கள் போனவர்கள் எல்லாரும் நினைவுப் பொருள் என்று தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டு போன இடம் அது, அதிலும் கஸ்டர் விழுந்த இடம் என்று எல்லாரும் ஏறிப் பார்க்கும் லாஸ்ட் ஸ்டாண்ட் மேட்டில்தான் அதிகம் பொறுக்கியிருப்பார்கள். அங்கே தோட்டா குறைவாகக் கிடைத்ததை வைத்து அங்கே சண்டையே குறைவு என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அந்த மேட்டில் குதிரைகளைச் சுட்டு அரணாகப் போட்டிருந்ததை இரண்டு நாள் கழித்து வந்த டெர்ரியின் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். பயந்து குலைந்தவர்கள் மட்டும் இருந்த இடம் என்றால் அது எப்படி?

மண்மேடு

பொறுக்கியது உண்மை. அதனால்தான் தரைக்கு அடியில் கிடைத்ததுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். குதிரை அரண் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன், அந்த மேட்டில் நாற்பது பேரளவில் சேர்ந்து நின்றார்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஒழுங்காக நின்று நீண்டநேரம் சண்டையிட்டார்களா என்பதுதான் கேள்வி.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள். 1896இல் ஒரு பெரிய பீர் கம்பெனி கஸ்டரின் கடைசிச் சண்டை என்று ஒரு வண்ணப்படத்தை அச்சடித்து நாடு முழுக்க மதுக்கடைகளில் மாட்டியது. அதில் கஸ்டர் நீண்ட முடியோடு வாளை ஓங்கி நிற்கிறார். அன்று அவர் முடியை வெட்டியிருந்தார். படை சண்டைக்கு வாள்களைக் கொண்டுவரவில்லை.

களத்தில் இருக்கும் வெள்ளைக் கல் அடையாளங்களும் அப்படித்தான். 210 பேர் செத்த இடத்தில் 250 கற்களுக்கு மேல் நிற்கின்றன. ரீனோ பக்கம் செத்தவர்களுக்கான கற்களையும் சேர்த்து 1890இல் இங்கேயே நட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்க்கிறவருக்கு அங்கேயே தவறான சித்திரம்தான்.

நெல்லை செல்வம்

எல்லாரும் இரண்டே தரப்பு இருந்ததுபோலப் பேசுகிறீர்கள், எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ராணுவத்தோடு வந்த க்ரோ, அரிக்கரா என்ற வேறு பூர்வகுடிகளின் சாரணர்கள் யார்? துரோகிகளா? அவர்களை ஒரு வரியில் தாண்டிப் போகிறோம்.

போர் நடந்த இடம் யாருடைய நிலம் என்று யாராவது பார்த்தீர்களா? புல்வெளிக்காரன் அண்ணன் 1868 லாரமி ஒப்பந்தத்தைச் சொன்னார். அதே வருஷம், அதே லாரமியில் க்ரோ மக்களோடும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். லிட்டில் பிக்ஹார்ன் பள்ளத்தாக்கு அதன்படி க்ரோ நிலம். லகோட்டாக்கள் அதற்குள் வந்து முகாம் போட்டிருந்தார்கள். பல வருஷமாக லகோட்டாக்கள் மேற்கே தள்ளிக்கொண்டே வந்து க்ரோக்களின் வேட்டை நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையில் சின்ன ஜனம் பிழைக்க வழி தேடி வெள்ளைக்காரனோடு சேர்ந்தது. அரிக்கராக்களும் அப்படித்தான், பெரியம்மை அடித்துப் பாதி அழிந்த ஜனம், லகோட்டாக்களின் தாக்குதல் வேறு. ரீனோவின் பக்கத்திலேயே தலையில் குண்டு பட்டுச் செத்த பிளடி நைஃப் அரிக்கரா சாரணர், அவருடைய அப்பா ஹங்க்பாப்பா. இதை எந்தத் தரப்பில் சேர்ப்பீர்கள்?

ரோஸ்பட்டில் க்ரூக்கைக் காப்பாற்றியதே க்ரோ, ஷோஷோனி வீரர்கள்தான். இத்தனைக்குப் பிறகும் அரசு அவர்களுக்கு என்ன செய்தது? 1868இல் எண்பது லட்சம் ஏக்கர் இருந்த நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டது. எதிர்த்தவனுக்கும் போனது, கூட நின்றவனுக்கும் போனது.

புல்வெளிக்காரன்

செல்வம் தம்பி, இது நான் எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியமான விஷயம், நீங்கள் எழுதியது நல்லதாகப் போயிற்று. க்ரோக்களின் முடிவைத் துரோகம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

சாரணர்களின் சாட்சியத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 1907இல் எட்வர்ட் கர்ட்டிஸ் என்ற புகைப்படக்காரர், உயிரோடு இருந்த மூன்று க்ரோ சாரணர்களோடு போர்க்களத்தை நடந்து பார்த்தார். கஸ்டர் மேட்டின்மேல் நின்று, கீழே ரீனோ அடிவாங்குவதைப் பார்த்தும் உதவிக்குப் போகாமல் காத்திருந்தார் என்று அவர்கள் சொன்னார்கள். கர்ட்டிஸ் அதை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் காட்டினார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும் சாட்சியத்தை நம்ப முடியாது என்று அவர் எச்சரித்ததும் கர்ட்டிஸ் வெளியிடாமல் விட்டுவிட்டார். அந்தச் சாட்சியம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஆனால் 1879இல், மூன்று வருஷம் கழித்து, சிகாகோவில் ரீனோ விசாரணையில் அதிகாரிகள் சொன்னதெல்லாம் ஆவணமாகிவிட்டது.

தெற்குத்தெரு

நான் வேறு மாதிரி யோசிப்பவன். செல்வம் சொன்னதை இன்னும் ஒரு படி கொண்டுபோனால் என்ன ஆகும்? லகோட்டாக்களே கிழக்கே மினசோட்டாப் பக்கமிருந்து வந்தவர்கள்தான். 18ஆம் நூற்றாண்டில் மிசௌரி ஆற்றைத் தாண்டி, பிளாக் ஹில்ஸில் இருந்த கயோவா, க்ரோ ஆட்களைத் துரத்தி அந்த மலையைப் பிடித்தார்கள். பிடித்தவர்களிடமிருந்து இன்னொருவன் பிடித்தான். எல்லா நிலத்தின் கதையும் இதுதானே? லகோட்டாக்களுக்கு மட்டும் ஏன் தனி நியாயம்?

கோட்டைச்சாமி

தெற்குத்தெரு, இதை நான் ஏற்க மாட்டேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. அதை மீறியது எழுதிக் கொடுத்தவன். கஸ்டர் விஷயத்தில் புல்வெளிக்காரனோடு எனக்குத் தகராறு உண்டு, இதில் இல்லை.

புல்வெளிக்காரன்

நன்றி கோட்டைச்சாமி. அந்த ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் அதில்தான் தொங்குகிறது. வயதுவந்த ஆண்களில் நாலில் மூன்று பேர் கையெழுத்துப் போடாமல் இந்த நிலத்தில் எதையும் விற்க முடியாது என்று அதில் இருக்கிறது.

சண்டை முடிந்த அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. பிளாக் ஹில்ஸைக் கொடுக்காவிட்டால் ஏஜென்சிகளில் ரேஷன் கிடையாது. எருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்த நேரம், ரேஷனை விட்டால் சோறு இல்லை. பட்டினி போட்டு வாங்கியும் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் கையெழுத்துப் போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு 1877 பிப்ரவரி 28ஆம் தேதி சட்டம் போட்டு மலையை எடுத்துக்கொண்டார்கள். அங்கே லீட் என்ற ஊரில் திறந்த ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002இல் மூடும்வரை நாலு கோடி அவுன்ஸ் அளவுக்குத் தங்கம் எடுத்தது.

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இதை நியாயமான இழப்பீடு கொடுக்காமல் எடுத்த நிலம் என்று தீர்ப்புச் சொல்லி, 1877இலிருந்து வட்டியும் சேர்த்து நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. பத்து கோடி டாலருக்கு மேல். லகோட்டாக்கள் அதை வாங்கவில்லை. மலை விற்பனைக்கு இல்லை என்றார்கள். அந்தப் பணம் இன்று வட்டியோடு நூறு கோடி டாலரைத் தாண்டி அரசுக் கணக்கில் கிடக்கிறது. அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் வாழும் ஜனம் அந்தப் பணத்தைத் தொட மறுக்கிறது.

தெற்குத்தெருவின் கேள்விக்கு என் பதில் இதுதான். இது ஆதியில் யார் வந்தார்கள் என்ற வழக்கு இல்லை. ஓர் அரசு தானே எழுதிய காகிதத்தைத் தானே கிழித்த வழக்கு. அதே அரசின் நீதிமன்றமே அப்படித்தான் சொன்னது.

கயல்

நான் அங்கே போய்ப் பார்த்தவள் என்பதால் நினைவுச்சின்னம் பற்றி எழுதுகிறேன். இடம் க்ரோ ரிசர்வேஷனுக்கு, அதாவது க்ரோக்களுக்கு ஒதுக்கிய நிலத்துக்கு, நடுவில் இருக்கிறது, செல்வம் சொன்னது அங்கே நின்றால் உடனே புரிகிறது. மேட்டின்மேல் 1881இல் வைத்த கருங்கல் தூண், அதில் செத்த சிப்பாய்களின் பெயர்கள். ரொம்ப காலம் அவ்வளவுதான். இடத்தின் பெயரே கஸ்டர் போர்க்கள தேசிய நினைவுச்சின்னம். 1988இல் பூர்வகுடி உரிமைப் போராளி ரஸ்ஸல் மீன்ஸும் அவரோடு வந்தவர்களும் தாங்களே ஓர் இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து அந்தத் தூணுக்குப் பக்கத்தில் சிமெண்ட் போட்டுப் பதித்தார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு வேகம் பிடித்தது. 1991இல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம் என்று பெயரை மாற்றிச் சட்டம் வந்தது. அந்த முயற்சியில் முன்னால் நின்றவர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல், ஷையான் வம்சத்தைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர். 2003இல் பூர்வகுடிகளுக்கான நினைவிடம் திறந்தது. வட்டமான மண்சுவர், அதற்கு மேலே கம்பியால் செய்த குதிரை வீரர்கள், அதன் வழியாக வானம் தெரிகிறது. 1999இலிருந்து, வீரர்கள் விழுந்த இடங்களில் சிவப்புக் கற்களும் நடுகிறார்கள். லேம் ஒயிட் மேன் என்ற ஷையான் தலைவருக்குத்தான் முதலில் வைத்த கற்களில் ஒன்று.

பெண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் சொல்கிறேன். ரோஸ்பட்டில் குதிரையை இழந்து நின்ற தன் அண்ணனைக் குண்டுகளுக்கு நடுவே போய்த் தூக்கிக்கொண்டு வந்தவர் பஃபலோ காஃப் ரோடு உமன். ஷையான் மக்கள் அந்தச் சண்டையையே, பெண் தன் அண்ணனைக் காப்பாற்றிய இடம் என்றுதான் சொல்கிறார்கள். எட்டு நாள் கழித்து அவர் லிட்டில் பிக்ஹார்னிலும் இருந்தார். கஸ்டரைக் குதிரையிலிருந்து தட்டி விழச்செய்தது அவர்தான் என்று வடக்கு ஷையான் மக்கள் 2005இல் வெளிப்படையாகச் சொன்னார்கள். அதுவரை பழிவாங்குவார்கள் என்ற பயத்தில் பேசாமலிருந்தார்களாம்.

மலர்விழி

கயல், பெயர் மாற்றத்தை நானும் வரவேற்கிறேன், ஆனால் தூணில் இருக்கும் பெயர்களைப் பார்த்தீர்களா? அந்தப் படையில் பத்தில் நாலு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அயர்லாந்து, ஜெர்மனி, இத்தாலி. வேலை கிடைக்காமல் மாதம் 13 டாலருக்குச் சேர்ந்த ஆட்கள். கஸ்டரின் கடைசிச் சீட்டை, பெரிய முகாம், சீக்கிரம் வா, சாமான்களைக் கொண்டுவா என்று எழுதியதை, பென்டீனிடம் கொண்டுபோன ஜொவான்னி மார்ட்டினி இத்தாலியிலிருந்து வந்து சில வருஷம்தான் ஆகியிருந்த ஒரு பையன். அந்தச் சீட்டால்தான் அவன் பிழைத்தான். ஒப்பந்தத்தை மீறியது இவர்கள் இல்லை. இவர்களைப் பற்றியும் மரியாதையோடு பேச இடம் வேண்டும்.

புல்வெளிக்காரன்

பேசலாம், பேச வேண்டும். ஆனால் அதே ஏழாவது குதிரைப்படையின் பெயரை இன்னொரு நாளோடும் சேர்த்துப் பேசுவோம். 1890 டிசம்பர் 29, வூண்டட் நீ என்ற இடம். ஆயுதத்தைப் பறித்துக்கொண்டிருந்தபோதே சுடத் தொடங்கி, பெண்கள், குழந்தைகள் உட்பட 250 பேருக்கு மேல் கொன்றார்கள். சிட்டிங் புல்லைப் பதினான்கு நாள் முன்னால்தான் போலீஸார் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இன்னொரு லகோட்டா தலைவர் கிரேஸி ஹார்ஸ் 1877 மே மாதமே சரணடைந்து, செப்டம்பரில் காவலில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். அன்றைய வூண்டட் நீக்காக ராணுவத்தின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் இருபதளவில் கொடுத்தார்கள். அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்று லகோட்டாக்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். லிட்டில் பிக்ஹார்னை வீரகாவியமாக வைத்திருந்ததுதான் வூண்டட் நீயைச் சண்டை என்று அழைக்க உதவியது என்பது என் எண்ணம்.

கோட்டைச்சாமி

வூண்டட் நீ பற்றி மறுப்பு இல்லை, அது சிப்பாய் தொழிலுக்கே அவமானம். ஆனால் கஸ்டரைப் பற்றிய என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. அதிபர் கிராண்ட்டே, அவர் சொந்த ராணுவத்தில் தளபதியாக இருந்தவர், அந்த இழப்பைக் கஸ்டரே வரவழைத்தது, தேவையே இல்லாதது என்று அந்த வருஷமே சொன்னார். அதற்குப் பிறகு கஸ்டரின் பெயர் ஏன் மேலே போனது என்றால் அவர் மனைவி லிப்பி. 1933வரை உயிரோடு இருந்தார், மூன்று புத்தகம் எழுதினார், ஊர் ஊராகப் பேசினார். கணவரைக் குறை சொல்ல நினைத்த அதிகாரிகள் பலர் அவர் போகட்டும் என்று காத்திருந்து, அவருக்கு முன்னால் செத்துப்போனார்கள்.

தெற்குத்தெரு

சரி, புல்வெளிக்காரன் சொன்ன காகிதம் கிழித்த வழக்கை ஒத்துக்கொள்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்ன செய்வது? பிளாக் ஹில்ஸில் ரேப்பிட் சிட்டி போன்ற ஊர்கள், லட்சக்கணக்கில் ஜனம், நாலு தலைமுறையாக வீடு வாசல். எல்லாரையும் காலி பண்ணச் சொல்வீர்களா? நடக்காத ஒன்றைக் கேட்பதால் யாருக்கு என்ன லாபம்?

புல்வெளிக்காரன்

யாரும் அதைக் கேட்கவில்லை. 1985இல் பில் பிராட்லி என்ற செனட்டர் கொண்டுவந்த மசோதாவைப் பாருங்கள். அது பிளாக் ஹில்ஸில் மத்திய அரசின் கையில் இருந்த நிலத்தை, பெரும்பாலும் காடு, 13 லட்சம் ஏக்கர் அளவுக்கு லகோட்டாக்களிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தனியார் வீடு, பண்ணை எதையும் தொடவில்லை. அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய மௌண்ட் ரஷ்மோர் மலைகூட அதில் சேரவில்லை. தெற்கு டகோட்டாவின் சொந்தப் பிரதிநிதிகளே எதிர்த்ததால் அது வாக்கெடுப்புக்கே வராமல் செத்தது. மறுபடி கொண்டுவந்தபோதும் அதே கதி. இன்றும் அந்தக் காடு மத்திய அரசின் கையில்தான் இருக்கிறது, யாரையும் ஒரு வீட்டைக்கூடக் காலி செய்யச் சொல்லாமல் கொடுத்துவிடலாம். நடக்காதது என்று சொல்வதற்கு முன்னால் அந்த மசோதாவில் எந்த வரி நடக்காதது என்று சொல்லுங்கள், அங்கிருந்து பேசலாம்.